சக்கரத்தைக் கழட்டிட்டா வீடா?

ரெண்டு மாசமா ஆணி ஜாஸ்தி, இந்தப் பக்கமே எட்டிப் பாக்க முடியல. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன சனிக்கிழமை ஒரு வெள்ளைக்காரர் சொன்ன வார்த்தையையே மறுநாள் போன்ல அம்மாவும் சொன்னாங்க. அப்போலேர்ந்து மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. இங்க கொட்டிட்டாத்தான் தூக்கம் வரும்.

வார்த்தை வேற ஒண்ணுமில்லீங்க. "செட்டில்".

முதல்ல ஆளுங்களை அறிமுகப்படுத்திடறேன். நான் அரிசோனாவுல, பீனிக்ஸ் பக்கத்துல சாண்ட்லர்ல பொட்டி தட்டுறவன். எங்க டீம்ல டேட்டாபேஸ் பாத்துக்கிட்டிருந்த ஒருத்தர், 2024ல ரிடையர் ஆயிட்டார். ஆபீஸ்ல பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், இங்க பெரியவர்னு வச்சுக்குவோம். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப மீட்டிங்ல அவருக்குப் பின்னாடி ஒரு நாள் மலை தெரியும், ஒரு நாள் மணல் தெரியும். ஏதோ படம் மாட்டி வச்சிருக்கார்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, மனுஷன் வீட்டை வித்துட்டு சம்சாரத்தோட ஆர்.வி.யிலயே குடியிருக்கார்னு. டிரக் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வண்டி. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கும். ஒம்பது வருஷம் அதுலயே வாழ்ந்திருக்காங்க.

வீடே இல்லாதவங்களுக்கு விலாசம்? அதுக்கும் வழி இருக்கு. சவுத் டகோட்டா மாநிலத்துல ஒரே ஒரு ராத்திரி தங்கின ரசீதும், கடிதம் வாங்கி வைக்கிற ஒரு விலாசமும் இருந்தா டிரைவிங் லைசன்ஸ் கிடைக்கும். இந்த மாதிரி நாடோடிகள் நிறைய பேர் காகிதத்துல சவுத் டகோட்டாக்காரங்கதான். விசாவுல இருக்கிற நம்மள மாதிரி ஆளுங்களோ, பக்கத்து அபார்ட்மென்டுக்கு மாறினாக்கூட 10 நாளுக்குள்ள ஏஆர்-11 படிவம் போட்டு அரசாங்கத்துக்குச் சொல்லணும். பொறாமையா இருக்காதா பின்ன :)

குளிர்காலத்துல அவங்க தங்கினது குவார்ட்ஸைட். 'நோமேட்லேண்ட்' படம் (2020) பாத்தவங்களுக்கு அந்த ஊர் தெரிஞ்சிருக்கும். பீனிக்ஸ்லேர்ந்து மேற்கே ஐ-10 நெடுஞ்சாலையில ரெண்டு மணி நேரம். 2020 கணக்கெடுப்புப்படி நிரந்தரமா இருக்கிறவங்க 2,400 சொச்சம் பேர்தான். குளிர் வந்துட்டா கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஆர்.வி.தான். மத்திய அரசோட நிலம் அது. செப்டம்பர் 15லேர்ந்து ஏப்ரல் 15 வரை ஏழு மாசம் தங்கறதுக்கு பல வருஷமா 180 டாலர்தான் வாங்கினாங்க. மத்த அரசு நிலத்துல பொதுவா 14 நாள்தான் கணக்கு, அதுக்கப்புறம் வண்டியை நகத்திடணும்.

அவங்க வண்டியில தண்ணித் தொட்டி 60 கேலன், அதாவது 227 லிட்டர். ரெண்டு பேர், பத்து நாள். கணக்குப் போட்டா ஆளுக்கு ஒரு நாளைக்கு 11 லிட்டர் சொச்சம், நம்ம ஊர் பிளாஸ்டிக் குடம் ஒண்ணு. குளியல், பாத்திரம், கக்கூஸ் எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். அமெரிக்காவுல வீட்ல இருக்கிற ஒரு ஆள் சராசரியா ஒரு நாளைக்கு 82 கேலன் செலவழிக்கறதா இவங்க சுற்றுச்சூழல் துறை சொல்லுது. 310 லிட்டர்! இந்த ரெண்டு எண்ணையும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

போன வருஷம் அந்தம்மாவுக்கு நெஞ்சுல கோளாறு வந்து, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரே டாக்டரைப் பாத்தாகணும்னு ஆயிடுச்சு. வண்டி ஓட்டம் நின்னுச்சு. பீனிக்ஸுக்கு மேற்கே ஒரு மணி நேரத்துல, பாலைவனத்துக்குள்ள சின்னதா ஒரு வீடு வாங்கினாங்க. மார்ச் மாசம் சாமான் இறக்கப் போனவங்கள்ல நானும் ஒருத்தன்.

அந்த வீட்டுக்குள்ள அவங்க பழகினதைப் பாக்கணுமே! முதல் ரெண்டு வாரம் வாசல்ல நிறுத்தின வண்டியிலதான் தூங்கினாங்க. வீட்டுக் கட்டில் ஆடவே மாட்டேங்குதாம், தூக்கம் வரலயாம். அந்தம்மா சமையல்கட்டு அலமாரியை ஒவ்வொரு தடவையும் அழுத்திப் பாத்து மூடுவாங்க. வண்டி கிளம்பினா தட்டு உருளும்ல, ஒம்பது வருஷப் பழக்கம். பெரியவர் சாப்பாட்டு மேஜை மேல ரசமட்டம் வச்சுப் பாக்கிறார். ராத்திரி புற ஊதா டார்ச் அடிச்சு சுவரோரம் தேள் தேடுறார் (தேள் அந்த வெளிச்சத்துல பச்சையா மின்னும், பாத்தா அப்புறம் செருப்பை உதறாம போடவே மாட்டீங்க). குளிக்கிற இடத்துல ஒரு பேசின் இருக்கு. வெந்நீர் வர்றதுக்கு முன்னாடி வர்ற பச்சைத் தண்ணியை அதுல பிடிச்சு செடிக்கு ஊத்துறாங்க.

வீடு வாங்கி ஒரு வருஷம் ஆச்சுன்னு போன சனிக்கிழமை விருந்து. குவார்ட்ஸைட்லேர்ந்து பழைய ஆர்.வி. நண்பர்கள் வந்திருந்தாங்க, பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருந்தார். நண்பர்கள்ல ஒருத்தர் ரெண்டாவது பியர்ல ஆரம்பிச்சார். "சுதந்திரத்தை வித்து சுவரை வாங்கிட்டீங்களேப்பா." உடனே பக்கத்து வீட்டுக்காரர், "அதெல்லாம் இல்ல, ஒம்பது வருஷம் அலைஞ்சுட்டு இப்பத்தான் மனுஷங்க மாதிரி செட்டில் ஆயிருக்காங்க" அப்படின்னார். எல்லாரும் சிரிச்சாங்க. பெரியவரும் சிரிச்சார். விருந்துக்குப் போன இடத்துல நான் வாயைத் திறக்கல. இங்க திறக்கிறேன்.

ரெண்டு பேருமே தப்பு.

முதல்ல சுதந்திரக்காரர். ஐயா, நீங்க நின்ன நிலம் அரசாங்கத்தோடது. ஓட்டின ரோடு அரசாங்கம் போட்டது. பத்து நாளைக்கு ஒரு தடவை டவுனுக்குப் போய் ஏதோ ஒரு குழாய்ல தண்ணி பிடிச்சீங்க, கழிவுத் தொட்டியைக் கொட்ட இன்னொரு இடத்துக்குப் போய் வரிசையில நின்னீங்க. அந்தக் குழாயை ஒருத்தன் மூடினா உங்க சுதந்திரத்துக்கு ஆயுசு பத்து நாள். அதுக்காக அந்த வாழ்க்கையை மட்டம்னு சொல்லல. அதுல ஒரு நேர்மை இருக்கு. படுக்கைக்குப் பக்கத்துலயே தொட்டி அளவு காட்டுற விளக்கு மின்னிக்கிட்டிருக்கும், யாரும் ஏமாற முடியாது. ஆனா அதுக்குப் பேர் சுதந்திரம் இல்ல. சிக்கனம்.

எனக்கு உண்மையான கோபம் ரெண்டாவது ஆள் மேலதான். காரணம், போன ஜூலை.

அந்தப் பக்கம் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணி கிடையாது. லாரியில வருது. வாசல்ல நம்ம சின்டெக்ஸ் டேங்க் மாதிரி, ஆனா 2,500 கேலன் பிடிக்கிற பெரிய தொட்டி. பெரியவர் வீட்லயும் அதே அளவு, பக்கத்து வீட்லயும் அதே அளவு. பக்கத்து வீட்ல நாலு பேர், முன்னாடி புல்தரை வேற. பாலைவனத்துல புல்தரை! ஜூலையில லாரிக்காரருக்கு வண்டி ரிப்பேர், நாலு நாள் வரல. வெளிய 43 டிகிரிக்கு மேல கொளுத்துது. மூணாம் நாள் பக்கத்து வீட்டு மோட்டார் காத்தை இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. கொளுத்துற வெயில்ல கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டம்மா இவங்க கதவைத் தட்டினாங்க. பெரியவர் தோட்டத்து ஹோஸை வேலிக்கு மேல போட்டு அவங்க தொட்டியில தண்ணி விட்டார்.

இப்ப கணக்குப் போடுங்க. ஆளுக்கு 82 கேலன், நாலு பேருக்கு 328. 2,500 கேலன் ஏழரை நாள்ல காலி. இதுல புல்தரையைச் சேக்கவே இல்ல. பெரியவர் வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நாளைக்கு 40 கேலன், அதே தொட்டி ரெண்டு மாசம் தாங்கும். நாலு சுவரும் 30 வருஷ வீட்டுக் கடனும் இருக்கிறவர் ஒரு வாரத்துல கவுந்தார். "நாடோடி" கிட்ட ரெண்டு மாசத்துக்குக் கையிருப்பு. யாருய்யா இதுல செட்டில் ஆனவன்?

பக்கத்து வீட்டுக்காரர் கெட்ட மனுஷர் இல்லீங்க. அவருக்கு வீட்டை வித்தவங்க தண்ணியைப் பத்தி யோசிக்க விடல, அவ்வளவுதான். இந்த மாதிரி வீடுகள் எப்படி முளைக்குதுன்னு தெரிஞ்சா உங்களுக்கும் கோபம் வரும்.

அரிசோனா 1980லயே நிலத்தடி நீர்ச் சட்டம் போட்ட மாநிலம். நம்ம தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினது 2003, அதுக்கு 23 வருஷம் முன்னாடி. பீனிக்ஸ் மாதிரி பகுதிகள்ல புதுசா லேஅவுட் போட்டு விக்கணும்னா, 100 வருஷத்துக்குத் தண்ணி இருக்குன்னு காட்டியாகணும். கை தட்டலாம்னு பாத்தா, அங்கதான் ஓட்டை. ஆறு மனை, அதுக்கு மேல இருந்தாத்தான் லேஅவுட். அஞ்சு வரைக்கும் பிரிச்சா கேள்வியே கிடையாது. ஒருத்தன் அஞ்சாப் பிரிச்சு விப்பான், வாங்கின அஞ்சு பேரும் ஆளுக்கு அஞ்சாப் பிரிப்பாங்க, ஆச்சு 25 வீடு. கூட்டு சேந்து இப்படிப் பண்ணக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. கூட்டுன்னு யார் நிரூபிக்கிறது? எங்க டீம்ல ஒருத்தன் இந்த மாதிரி கோட் எழுதினா டெஸ்டர் முதல் நாளே பிடிச்சு மானத்தை வாங்கிடுவார். எல்லைக் கோட்டுல என்ன ஆகும்னு பாக்காத கத்துக்குட்டி பக் இது. சட்டத்துல 40 வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டிருக்கு.

இதோட விளைவு என்னன்னு 2023ல ஊரே பாத்துச்சு. ஸ்காட்ஸ்டேல் நகரத்துக்கு வெளிய ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ்னு ஒரு பகுதி, எந்த நகராட்சியிலயும் சேராதது. குதிரை வளக்கலாம், மலை தெரியும், நகராட்சி வரி கிடையாதுன்னு போனவங்க நிறைய. அதுல சுமார் 500 வீட்டுக்கு லாரித் தண்ணிதான். லாரி நிரப்புறது ஸ்காட்ஸ்டேல் குழாய்ல. 2021 ஆகஸ்ட்ல கொலராடோ ஆத்துல வரலாற்றுலயே முதல் தடவையா பற்றாக்குறை அறிவிச்சாங்க. எங்க ஜனங்களுக்கே போதாது, வேற வழி பாத்துக்குங்கன்னு ஸ்காட்ஸ்டேல் முன்கூட்டியே சொல்லிடுச்சு. சொன்னபடி 2023 ஜனவரி 1ஆம் தேதி மூடிடுச்சு. லாரிகள் ரொம்ப தூரம் போய் நிரப்ப வேண்டியதாச்சு, பல வீட்ல தண்ணி பில் ரெண்டு மூணு மடங்கு. பெரிய பெரிய வீடுகள்ல மழைத் தண்ணியைப் பிடிச்சு கக்கூஸுக்கு ஊத்தினாங்க, பாத்திரம் கழுவாம இருக்க காகிதத் தட்டுல சாப்பிட்டாங்க.

இதுல கொடுமை என்னன்னா, நாமளே சொந்தமா ஒரு தண்ணி மாவட்டம் அமைச்சுக்கலாம்னு அங்க ஒரு பகுதியினர் முயற்சி பண்ணினாங்க. இன்னொரு அரசாங்கம் நம்ம தலை மேல எதுக்குன்னு அக்கம்பக்கத்துலயே எதிர்ப்பு. 2022 ஆகஸ்ட்ல கவுண்டி மேற்பார்வையாளர்கள் நிராகரிச்சுட்டாங்க. சில மாசத்துலயே குழாய் மூடினதும் வழக்கு, கூப்பாடு. கடைசியில 2023 ஜூன்ல மாநில அரசே சட்டம் போட்டு, 2025 முடியற வரைக்கும் ஸ்காட்ஸ்டேல் மூலமா தண்ணி, அதுக்கப்புறம் ஒரு தனியார் தண்ணி கம்பெனின்னு ஏற்பாடு பண்ணினாங்க. அரசாங்கமே வேணாம்னவங்களைக் கரையேத்தினது அரசாங்கம்தான்.

அதே 2023 ஜூன்ல மாநில நீர்வளத் துறை இன்னொண்ணும் சொல்லுச்சு. பீனிக்ஸ் பகுதியில அடுத்த 100 வருஷத் தேவைக்கு நிலத்தடி நீர் 4 சதவீதம் குறையுது, அதனால அதை மட்டும் நம்பி வர்ற புது லேஅவுட்டுக்கு இனி சான்றிதழ் கிடையாதுன்னு. ரொம்ப நல்ல விஷயம். ஆனா அஞ்சு மனைக்காரனுக்கு சான்றிதழே தேவையில்லையே! முன்வாசலைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிட்டாங்க, கொல்லைக் கதவு திறந்தே கிடக்கு.

"வாங்கறவன் தெரிஞ்சுதானே வாங்கறான், உனக்கென்ன?" அப்படின்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா தெரிஞ்சு வாங்கறதும் தெரிஞ்ச மாதிரி வாங்கறதும் வேற வேற. எனக்கு எப்படித் தெரியும்னா, நானே வாங்க இருந்தேன்.

ஆமாங்க. டிசம்பர்லேர்ந்து ஒரு மனை பாத்து வச்சிருந்தேன். ஒண்ணேகால் ஏக்கர், வேலியோரம் ஒரு பெரிய சுவாரோ கள்ளி. சாண்ட்லர் விலையில கால்வாசிகூட இல்ல. தண்ணிக்கு என்னன்னு கேட்டதுக்கு அந்த ஏஜென்ட் ரொம்ப சாதாரணமா சொன்னார், "அதெல்லாம் பிரச்னையே இல்ல, போன் பண்ணினா லாரி வரும்."

லாரி வரும்! இதை துரைப்பாக்கத்துல வளந்தவன்கிட்ட சொல்றார். 2019 ஜூன்ல சென்னையோட நாலு ஏரியும் வறண்டு கிடந்தது. ஓ.எம்.ஆர்.ல சில கம்பெனிங்க தண்ணி இல்ல, வீட்லேர்ந்து வேலை பாருங்கன்னு சொல்லுச்சு. நான் அப்ப ஃப்ரெஷர். கொரோனாவுக்கு முன்னாடியே வொர்க் ஃப்ரம் ஹோம் பாத்த பரம்பரை நாங்க. ஜூலையில ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. எங்க அபார்ட்மென்ட்ல போர் வறண்டு, சம்ப் காஞ்சு, லாரிக்குச் சொல்லிட்டு 12 நாள் காத்திருந்தோம். லாரி வந்தது விடிகாலை மூணு மணிக்கு. அம்மா நைட்டிக்கு மேல துண்டைப் போட்டுக்கிட்டு ரெண்டு குடத்தோட மூணு மாடி இறங்கி ஏறினதை நான் பாத்திருக்கேன். அதுவும் சொந்த ஃபிளாட். பத்திரம் பீரோவுல பத்திரமாத்தான் இருந்துச்சு.

இத்தனையும் பாத்தவன்தான் "லாரி வரும்"னு அவர் சொன்னதும் தலையாட்டிட்டு வந்தேன். கள்ளிச்செடி கண்ணை மறைச்சுடுச்சு. அட்வான்ஸுக்கு நாள்கூட பாத்தாச்சு.

ஒரு வாரம் முன்னாடி பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். வேணாம்னு அவர் சொல்லல. இந்த வீட்டை வாங்கறதுக்கு முன்னாடி அவர் கேட்ட மூணு கேள்வியை என்கிட்ட கேட்டார்.

1. லாரி எந்தக் குழாய்ல நிரப்புது?
2. அந்தக் குழாயை மூட யாருக்கு அதிகாரம் இருக்கு? (அவங்களுக்கு நீ ஓட்டு போடுறியா, வரி கட்டுறியா?)
3. மூடிட்டா உன் தொட்டி எத்தனை நாள் தாங்கும்?

ஒண்ணுக்கும் பதில் தெரியல. ரெண்டாவது கேள்விக்கு அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது எனக்கு இன்னும் மோசம். நான் விசாவுல இருக்கிறவன், எங்கயுமே ஓட்டு கிடையாது. பெரியவர் ஒவ்வொண்ணுக்கும் பதில் தேடி அலைஞ்சிருக்கார். அவர் லாரிக்காரர் ரெண்டு வேற வேற இடத்துல நிரப்புறவர், ரெண்டு இடத்துக்கும் நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கார். "ஒம்பது வருஷமா ஒவ்வொரு ஊர்லயும் முதல் கேள்வியே தண்ணி எங்கன்னுதானே. வீடு வாங்கறப்ப மட்டும் கேக்காம விட்டுடுவேனா?" அப்படின்னார்.

இதுதான் மக்களே நான் சொல்ல வந்தது. ஓடுறவன் செட்டில் ஆகாதவன், சுவர் கட்டினவன் செட்டில் ஆனவன்னு ஒரு கணக்கு வச்சிருக்கோம். நம்ம ஊர்லயும் அதே கணக்குதான், இங்கயும் அதே கணக்குதான். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாத வீடு, சக்கரம் கழட்டின வண்டி. வண்டியாவது இருந்திருந்தா தண்ணி இருக்கிற இடத்துக்கு நகந்து போயிடலாம்.

சாண்ட்லர் அபார்ட்மென்ட்ல உக்காந்து நான் ஒண்ணும் யோக்கியன் வேஷம் போடல. இந்தப் பகுதிக்கு வர்ற தண்ணியில ஒரு பங்கு கொலராடோ ஆத்துலேர்ந்து 336 மைல் கால்வாய்ல பாலைவனத்தைத் தாண்டி வருது. சென்னைக்கு வீராணம் மாதிரி. எங்க எல்லாருக்குமே லாரி எங்கயோ நிக்குது, கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். ஆனா இங்க குழாயை மூடணும்னா ஒரு நகராட்சி கூடிப் பேசணும், ஜனங்க கேள்வி கேப்பாங்க. அங்க ஒரு லாரியோட கியர்பாக்ஸ் போனா போதும்.

அதனால என் கோரிக்கை ரொம்ப சின்னது. அஞ்சு மனைன்னாலும் சரி, ஒரு மனைன்னாலும் சரி, விக்கறவன் அந்த மூணு கேள்விக்கும் எழுத்துல பதில் குடுக்கணும். பதில் இல்லன்னா "இங்க தண்ணி இல்ல"ன்னு பத்திரத்துல முதல் பக்கத்துல பெரிய எழுத்துல போடணும். வாங்கறவன் அப்புறமும் வாங்கட்டும், அது அவன் இஷ்டம்.

ஞாயித்துக்கிழமை அம்மா கேட்டாங்க. "அட்வான்ஸ் குடுத்துட்டியாடா? எப்பதான்டா செட்டில் ஆகப் போற?"

"குடுக்கலம்மா. அங்க தண்ணி லாரியாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "வேணாம்ப்பா. வாடகை வீட்லயே இரு."

பி.கு: பக்கத்து வீட்ல புல்தரை இன்னும் இருக்கு. ஆனா போன மாசம் ரெண்டாவது தொட்டி ஒண்ணு இறக்கியிருக்காங்க. இறக்கறதுக்கு வேலியோரம் நின்னு ரசமட்டம் பிடிச்சது யார்னு நான் சொல்லணுமா என்ன :)